அழுந்திய தண்டவாளமும் எழுந்த ஆணிகளும்

மேசையின்மேல் ஆணிகள் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. தண்டவாளத்தை அதன் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையோடு பிணைத்து நிறுத்தும் ஆணிகள் அவை. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம், ஒருபுறம் மட்டும் நீண்டு கவிந்த கொண்டை. தகரக் கூரையிலிருந்த துளை ஒன்றின் வழியே விழுந்த வெயில் மூன்றாவது ஆணியின்மேல் நின்றது. அந்தக் கொட்டகையில் மசகெண்ணெயும் ஈரச் சாக்கும் சுருட்டுப் புகையும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். அன்றும் இருந்தது.

மேசைக்கு அப்பால் லைன் துரை அமர்ந்திருந்தார். தங்கச் சுரங்க வாயிலிலிருந்து அரைவை மில்லுக்குப் பாறை ஏற்றிச் செல்லும் எங்கள் கம்பெனியின் சிறு ரயில் பாதைக்கு அவரே அதிகாரி. சீமையிலிருந்து வந்து நான்கைந்து மாதங்கள் ஆகியிருந்தன. மேசைக்கு இப்பால் பொன்னுசாமி மேஸ்திரி, தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். குடியாத்தம் பக்கத்துக்காரர். அந்தப் பாதையில் மணல் பள்ளம் என்று பெயர்பெற்ற பகுதியைப் பராமரிக்கும் கேங்குக்குத் தலைவர். இருவருக்கும் நடுவே, இருவர் மொழியும் அறிந்தவனாக, ஆபீஸ் ரைட்டர் தேவசகாயமாகிய நான்.

இரண்டு நாளைக்கு முன் மணல் பள்ளத்தில் பாறை ஏற்றிய டிரக் ஒன்று தடம்விட்டு இறங்கிக் கவிழ்ந்திருந்தது. ஆளுக்குச் சேதமில்லை. தண்டவாளம் பக்கவாட்டில் விலகிக் கிடந்தது. அதைப் பற்றியிருக்க வேண்டிய ஆணிகள் விரற்கடை உயரம் மேலே எழுந்து நின்றன. துரை அவற்றைக் கருவி எதுவுமின்றி, கைவிரலாலேயே உருவி எடுத்து வந்திருந்தார்.

கடப்பாரை போட்டு நெம்பாமல் இரும்பு ஆணி மரத்தை விட்டு எழாது என்பது துரையின் முடிவு. ஆகவே ஆணியைத் திருட முயன்றிருக்க வேண்டும். இல்லையேல் சோம்பலால் அரைகுறையாக அடித்திருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் மேஸ்திரிக்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். கொட்டகையில் நின்ற எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

“யார் பிடுங்கினார்கள் என்று கேள்,” என்றார் துரை. கேட்டேன்.

“யாரும் புடுங்கல தொரே,” என்றார் பொன்னுசாமி, என்னைப் பாராமல் துரையையே பார்த்து. “அது தானா ஏறுது. எஞ்சின் நிக்கற எடத்துல தண்டவாளம் கீழ அழுந்துதா, அங்கேர்ந்து நாலு கட்ட, அஞ்சு கட்ட தள்ளி மேல தூக்குது. தூக்கறப்போ ஆணியையும் கூட இட்டுனு வருது. முன்னெல்லாம் நாங்க இந்த மணல்ல ஆணிய முழுசா அடிக்கமாட்டோம். கொண்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல நகக்கண்ணு எடம் வுடுவோம். தண்டவாளம் பாட்டுக்கு ஏறும், எறங்கும், ஆணி கம்முனு கெடக்கும். நீங்க வந்து முழுசா அடின்னீங்க. அடிச்சோம். ஏறிக்கிச்சி.”

இதை ஆங்கிலத்தில் சொல்வது கடினமன்று. பள்ளி மாணவன்கூடச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. காரணத்தைக் கூறச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

பெஞ்சு தூக்காதவன்

வட ஆர்க்காட்டில் நான் படித்த மிஷன் பள்ளியில் சனிக்கிழமை பிற்பகல்தோறும் சொற்போர் மன்றம் கூடும். பாதிரியாரின் தொப்பிக்குள் மடித்த சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். ‘ஆம்’ என்ற சீட்டு வந்தவன் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும்; ‘இல்லை’ என்ற சீட்டு வந்தவன் எதிர்க்க வேண்டும். ஏழு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் மணி அடிக்கும். அதற்குமேல் ஒரு சொல் பேசினாலும் மதிப்பெண் குறையும்.

தோற்ற கட்சியார் மண்டபத்துப் பெஞ்சுகளைத் தூக்கிச் சென்று வகுப்பறைகளில் போட வேண்டும். கனத்த வேம்புப் பெஞ்சுகள். நான் மன்றத்தில் இருந்த மூன்றாண்டுகளில் ஒரு பெஞ்சையும் தூக்கியதில்லை. இதை இன்றும் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை, ஏரிப் பாசனமே சிறந்தது என்று நிறுவினேன். அடுத்த சனிக்கிழமை வேறு சீட்டு வந்தது. கிணற்றுப் பாசனமே சிறந்தது என்று அதே மாணவர்களுக்கு அதே உறுதியோடு நிறுவினேன். இரண்டு முறையும் கைதட்டல் ஒன்றுபோலவே இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி அளித்தவர்கள் பல விதிகளைச் சொல்லித் தந்தார்கள். நான் முழுமையாக ஏற்றுக்கொண்டது ஒன்றை. அவையோர் சிரிக்கக்கூடிய வாதத்தை உன் கட்சியாரின் வாயிலிருந்து வரவிடாதே. அதை நீயே தடுத்து, அதனிடத்தில் கம்பீரமான வேறு வாதங்களை நிறுத்து என்பது அது.

படிப்பு முடிந்து, பங்காருபேட்டையில் வண்டி மாறி, ஒரு தகரப் பெட்டியோடும் நற்சான்றுப் பத்திரத்தோடும் நான் தங்கவயலுக்கு வந்தபோது கிளைப் பாதை போட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் சபையார் நடத்திய வாசகசாலையில் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் பின் நான் சொற்பொழிவாற்றத் தொடங்கினேன். கூட்டம் வந்தது. சுரங்கத்திலே ஷிப்ட் முடித்துக் கண்ணில் தூக்கத்தோடு வந்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி பேச்சு நம்ம மில்லு மாதிரி. ஞாயித்துக்கெழமகூட நிக்காது.”

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மில் ஓயாமல் அரைப்பதால்தான் பொன் கிடைக்கிறது என்று அவருக்குப் பதிலும் சொன்னேன்.

இத்தகைய ஒருவன்தான் அந்தக் கொட்டகையில் பொன்னுசாமிக்கும் துரைக்கும் நடுவே நின்றவன். பாரம் ஓரிடத்தில் அழுத்த, இரும்பு வேறோரிடத்தில் மேலெழுகிறது என்பது என் காதுக்கு அறிவீனமாகப் பட்டது. துரை சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மேஸ்திரியின் வேலையும் போகும், எங்கள் மக்களின் மானமும் போகும். அதோடு, அவர் கட்டளையே ஆணிகளைக் கிளப்பிற்று என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதும் விவேகமன்று.

ஆகவே பொன்னுசாமி சொன்னதை விட்டுவிட்டு, அவர் சொன்னதாகவே வேறு மூன்று வாதங்களை வைத்தேன். மழையால் கட்டைகள் உளுத்திருக்கக்கூடும். வந்திறங்கிய ஆணிகள் அளவில் குட்டையாக இருக்கக்கூடும். சுரங்க வாயிலில் டிரக்குகளில் அளவுக்கு மீறிப் பாறை ஏற்றியிருக்கக்கூடும். மூன்றையும் ஏறுவரிசையில் அமைத்து, இறுதியில் மேஸ்திரியின் நெடுங்கால உழைப்பைச் சுட்டி முடித்தேன். சொற்கள் நன்றாக அமைந்தன. பேசும்போதே அதை உணர்ந்தேன்.

அடிக்கோல்

துரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடக்கு அடிக்கோலை எடுத்து விரித்து, முதல் ஆணியை அளந்தார்.

“இன்னாத்துக்கு தம்பி ஆணிய அளக்கறாரு?” என்று பொன்னுசாமி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சும்மா பாக்கறாரு மேஸ்திரி.”

“நான் ஏறுதுன்னேன். நீளத்தப் பத்தி ஒண்ணும் பேசலியே.”

ஆணிகள் யாவும் உரிய நீளத்தில் இருந்தன. துரை ஆளனுப்பி, கவிழ்ந்த இடத்திலிருந்து ஒரு கட்டையைப் பெயர்த்துக் கொண்டுவரச் செய்து, கோடரியின் பின்புறத்தால் தட்டினார். மணி போல ஒலித்தது. நல்ல வைரம் பாய்ந்த கட்டை. கவிழ்ந்த டிரக்கின் பாறையை மறுபடி அள்ளி நிரப்பியவர்களை அழைத்துக் கேட்டார். விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நின்றதாம்.

“இவன் எனக்கு மூன்று காரணங்கள் சொன்னான்,” என்றார் துரை, மேஸ்திரியைக் காட்டி. “மூன்றும் பொய். திருட்டா சோம்பலா என்று இனி நான் ஆராயப் போவதில்லை. சனிக்கிழமை மாலையோடு இவனுக்கு இங்கே வேலை இல்லை. வீட்டையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். சொல்.”

அந்தத் தீர்ப்பை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அன்று நான் அப்படி மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

பொன்னுசாமி தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார். கட்டி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“தூக்குதுன்னு சொன்னியா தம்பி?”

“எல்லாம் சொன்னேன் மேஸ்திரி.”

“அப்ப சரி,” என்று போய்விட்டார்.

இரண்டு மொழி அறிந்தவன் இரண்டு பக்கமும் பொய் சொல்ல முடியும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. சொற்போர் மன்றத்தில் அவையோர் எல்லோருக்கும் ஒரே மொழிதான்.

குப்பம்மாள்

மறுநாள் உச்சிப்பொழுதில், ஸ்கெலட்டனில் நான் சாப்பிடும் கிளப்பின் வாசலுக்கு ஒரு பெண் வந்து நின்றாள். பொன்னுசாமியின் மனைவி குப்பம்மாள். அதே கேங்கில் ஜல்லிக் கூடை சுமப்பவள்; வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சும்மாடு இன்னும் தலையிலேயே இருந்தது.

“ரைட்டரு தம்பி, சாப்ட்டியா?”

“ஆச்சுக்கா.”

“வாயி நல்லா கீதா? நேத்து ரொம்ப ஒழச்சிதாமே.”

கைகழுவிய செம்பைத் திண்ணையில் வைத்தேன்.

“தொரைக்கு டீ ஊத்தற பட்லரு எங்க ஊரு ஆளு. அவருக்கு இங்கிலீசு வரும், நேத்து கொட்டாயிலதான் நின்னாரு. வந்து சொல்றாரு, ஆணி குட்டைன்னு எங்க ஊட்டுக்காரரு சொன்னாராம். கட்ட உளுத்துப் போச்சின்னாராம். நாங்க எடுத்துப் போட்ட கட்டய நாங்களே உளுத்ததுன்னு சொல்லிக்குவமா? எங்க ஊட்டுக்காரருக்கு இது இன்னும் தெரியாது. நான் சொல்லல.”

“அவர் பக்கம் பலமா இருக்கணும்னுதான்கா அப்படிச் சொன்னேன்.”

“அவரு சொன்னத சொல்லத்தானே நீ கீற? எல்லாத்தையும் நீயே சொல்றதுன்னா அவரு எதுக்கு தலப்பாவ அவுத்துனு அங்க நிக்கணும்?”

“அக்கா, பாரம் வெச்சா இரும்பு அழுந்தும். எங்கயாவது மேல ஏறுமா? அதச் சொல்லியிருந்தா தொரை சிரிச்சிருப்பாரு.”

“சிரிச்சா இன்னா? சிரிச்சா வேல பூடுமா? சிரிக்காமத்தான் இப்ப பூட்ச்சி.” சும்மாட்டை எடுத்து உதறி இடுப்பில் செருகினாள். “வா. எஞ்சின் தண்ணி புடிக்க நிக்கற நேரம்.”

போயிருக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. ஆபீசுக்குத் திரும்ப இன்னும் அரைமணி இருந்தது. அவளிடம் எதிர்வாதம் ஒன்றும் அந்த நேரத்தில் தோன்றாததால் போனேன்.

வெற்றிலை

மணல் பள்ளம் என்பது பழைய தாழ்நிலம். மில்லில் பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் மிஞ்சும் மாவுபோன்ற மணலைக் கொட்டி அதை நிரப்பியிருந்தார்கள். மேலே ஜல்லி பரப்பிக் கட்டைகளை அடுக்கித் தண்டவாளம் போட்டிருந்தது. நடந்தால் பாதத்தின்கீழ் மெத்தைபோல் சற்றே அமுங்கும். வெயிலில் அந்த மணலுக்கு ஈயத் தகட்டின் நிறம்.

எஞ்சின் இன்னும் வரவில்லை. கேங்கிலிருந்த ஒருவன் கடப்பாரையால் தண்டவாளத்தை மயிரிழை நெம்பிப் பிடிக்க, குப்பம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே பாதி வெளியே தெரியும்படி செருகினாள். கடப்பாரையை எடுத்ததும் தண்டவாளம் இலையின்மேல் அமர்ந்தது.

“இழு,” என்றாள்.

இழுத்தேன். இலை கிழிந்து, பாதி என் கையோடு வந்தது.

வேறோர் இலையை அதே இடத்தில் வைத்தாள். அதற்கு இருபுறமும் அடுத்தடுத்த கட்டைகளிலும் ஒவ்வொன்று வைத்தாள். சிறிது நேரத்தில் எஞ்சின் மெதுவாக வந்து தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்றது. அதன் கடைசிச் சக்கரத்திலிருந்து எங்கள் முதல் இலை ஐந்தாவது கட்டையில் இருந்தது. அந்தச் சக்கரத்தின்கீழ்த் தண்டவாளம் விரல் அளவு அழுந்தி, கட்டையின் ஓரம் வழியே மணல்நீர் கசிந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “இன்னா அண்ணி, வெத்தல போடறதுக்கு எஞ்சின நிறுத்தணுமா?”

“சுண்ணாம்பு நீ தரியா?” என்றாள் அவள், திரும்பாமலே. பிறகு என்னிடம், “இழு.”

இலை வந்தது. முழு இலை, நரம்புகூட நசுங்கவில்லை. துருவின் கோடு ஒன்று மட்டும் அதன் குறுக்கே இருந்தது.

சக்கரத்துக்கு அடுத்த கட்டையில் இருந்த இலையை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நான்காவது கட்டையில் எளிதாக வந்தது. பத்தாவது கட்டையில் மறுபடியும் பிடிபட்டுக் கிழிந்தது. எஞ்சின் புறப்பட்டுப் போனபின், முன்பு எளிதாக வந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். அங்கும் கிழிந்தது.

வைக்கோற்போரின்மேல் நீண்ட மூங்கில் ஒன்றைக் கிடத்தி, நடுவில் ஒருவன் ஏறி நின்றால் இதைக் கண்ணாலேயே காணலாம். அவன் காலடியில் மூங்கில் தாழும். வைக்கோல் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதில்லை. எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவுக்கு எதிர்த்துத் தள்ளுகிறது. விறைப்பான மூங்கிலோ ஓரிடத்தில் மடங்க இசையாது. தன் வளைவை இருபுறமும் நெடுந்தூரம் பரப்பிக்கொள்கிறது. அப்படி வளைந்து மேலேறுகிறபோது, பழைய மட்டத்தில் நின்றுவிடாமல் அதைச் சற்றே தாண்டிவிடுகிறது. தாண்டிய அந்த இடத்தில் மூங்கிலுக்கும் வைக்கோலுக்கும் நடுவே காற்று புகும். இன்னும் தள்ளிப் போனால் மூங்கில் மறுபடி படிந்து கிடக்கும்.

சுரங்க வாயிலின் அருகே பாதை பாறைமேல் கிடக்கிறது. அங்கே எதிர்ப்பு மிகுதி. தாழ்வும் எழுச்சியும் கண்ணுக்குத் தெரியாத அளவே. மணல் பள்ளத்தில் எதிர்ப்புக் குறைவு; தாழ்வும் மிகுதி, எழுச்சியும் மிகுதி. ஆணியைக் கொண்டை தொட அடித்துவிட்டால், ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை தண்டவாளம் ஆணியை மேலே இழுக்கும். ஒரு நாளில் எத்தனையோ வண்டிகள் போகின்றன. நகக்கண் இடம் விட்டு அடித்தால் தண்டவாளம் அந்த இடத்துக்குள் ஏறி இறங்கும், ஆணிக்குத் தொந்தரவில்லை.

இந்த வளைவுக்குக் கணிதம் இருப்பதாகப் பிற்பாடு ஒரு சர்வேயர் சொன்னார். எனக்கு அந்தக் கணிதம் தெரியாது. கிழிந்த இலைகளையும் கிழியாத இலைகளையும் தெரியும்.

“இதுக்கு இங்கிலீசுல வார்த்த கீதா?” என்று கேட்டாள் குப்பம்மாள்.

“இருக்கும்கா.”

“இருந்தா அத மட்டும் போயி சொல்லு. கூட எதுவும் வாணாம்.”

போகாத நாள்

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை நான் துரையிடம் போகவில்லை. ஆபீசில் கடிதங்களைப் படியெடுத்தேன். கையெழுத்து வழக்கம்போலவே இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது, பொன்னுசாமியின் கேங் மணல் பள்ளத்தில் ஜல்லியைக் குத்திச் செறித்துக்கொண்டிருந்தது. மறுநாள் மாலையோடு வேலை போகிறவர் அன்றைக்கும் குனிந்து, தண்டவாளத்தில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார்.

அன்று மாலை ஒரு சொற்பொழிவைத் தயாரித்தேன். துரையின் நடுநிலைமையைப் போற்றும் முகவுரை. மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடுகளைப் பற்றிய ஒரு பகுதி. என் பிழை தானாகவே சிறியதாகத் தோன்றும் இடத்தில் அதை ஒப்புக்கொள்ளுதல். கருணையை வேண்டும் முடிவுரை. ஏழு நிமிடத்துக்குச் சரியாக வந்தது. அந்த வகையில் அது நல்ல சொற்பொழிவு.

சனிக்கிழமை காலை கொட்டகைக்குப் போகும் வழியில் லைன் வீடுகளைக் கடந்தேன். குப்பம்மாள் வீட்டு வாசலில் பாத்திரங்களைக் கோணிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அம்மிக்கல்லைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, அதை எடுத்துச் செல்வதா விடுவதா என்று யோசிப்பவளைப்போல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது முகவுரை நினைவில் இருந்தது. ஆனால் நான் சொன்னது இவ்வளவே:

“மேஸ்திரி சொன்னதை நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்த மூன்று காரணங்களும் நான் கட்டியவை.”

துரை சுருட்டை மேசை விளிம்பில் வைத்தார். “ஏன்?”

“அவர் சொன்னதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.”

“என்ன சொன்னான்?”

சொன்னேன். எஞ்சின் நிற்கும் இடத்தில் அழுந்துகிறது, நாலைந்து கட்டை தள்ளித் தூக்குகிறது, தூக்கும்போது ஆணியையும் இழுத்து வருகிறது, நகக்கண் இடம் விட்டு அடிப்பது அதற்காக, நீங்கள் முழுவதும் அடிக்கச் சொன்னீர்கள், அடித்தார்கள், ஏறிவிட்டது.

துரை சிரித்தார். நான் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் சிரித்தார். அவர் முடிக்கும் வரை நின்றேன். பிறகு வெற்றிலையைப் பற்றிச் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். நான் பின்னால் நடந்தேன்.

மணல் பள்ளத்தில்

குப்பம்மாளுக்கு ஆள் போயிற்று. அவள் வந்து, இரண்டு நாளைக்கு முன் செய்தபடியே இலைகளைச் செருகினாள். பொன்னுசாமி கடப்பாரையின்மேல் கையூன்றி ஒதுங்கி நின்றார். எஞ்சினை வரவழைத்து நிறுத்தினார்கள்.

துரை முதலில் சக்கரத்துக்கு அடுத்த கட்டையில் இழுத்தார், கிழிந்தது. நான்காவது கட்டையில் இழுத்தார், வந்தது. எஞ்சினை இரண்டு கட்டை தூரம் பின்னுக்கு விடச் சொல்லி மறுபடி இழுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மணல்மேல் வைத்துவிட்டு, முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, தண்டவாளத்தில் கன்னம் படக் குனிந்து பார்த்தார். எஞ்சின் அவருக்காக இருமுறை முன்னும் பின்னும் போயிற்று. தண்டவாளத்தின் சூட்டில் அவர் கன்னம் சிவந்துபோயிற்று.

எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். “எவ்வளவு இடம் விடுவான் என்று கேள்.”

கேட்டேன். பொன்னுசாமி கட்டைவிரலைத் தூக்கி நகத்தின் ஓரத்தைக் காட்டினார். “இவ்ளோதான். இதுக்கு மேல வுட்டா தண்டவாளம் ஆடும். பாறைப் பக்கம் இதுவும் வாணாம்.”

சொன்னேன்.

“முழுவதும் அடிக்கச் சொன்னபோது இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

பொன்னுசாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார். விசாரணை அன்று நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு துரையின் பக்கம் திரும்பினார்.

“எப்ப சொல்றது தொரே? அடின்னீங்க, குதிர மேல ஏறினீங்க, பூட்டீங்க. குதிர பின்னாடி ஓடியாந்தா சொல்றது?”

கேங்கில் ஒருவர் இருமினார். இதை நாகரிகமாகச் சொல்வதற்கு எனக்குக் குறைந்தது மூன்று வழிகள் தெரிந்தன. ‘அதிகாரியின் நேரமின்மை காரணமாக’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் ஏறக்குறைய நாவின் நுனிக்கே வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அடிக்கச் சொன்னீர்கள், குதிரைமேல் ஏறினீர்கள், போய்விட்டீர்கள், குதிரையின் பின்னால் ஓடிவந்தா சொல்வது என்று கேட்கிறார் என்றேன்.

துரை மேஸ்திரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அவர் சொன்னது அதுதான்,” என்றேன்.

துரை குனிந்து தொப்பியை எடுத்தார். அதன் விளிம்பில் ஒட்டிய மணலை விரலால் சுண்டினார். “இந்தப் பகுதி முழுவதும் அவன் சொன்னபடியே ஆணியை அடிக்கட்டும். திங்கட்கிழமை வழக்கம்போல் மேஸ்திரியாக வேலைக்கு வரட்டும். வீடு அவனுடையதே.” இவ்வளவு சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போனார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் அதற்காகக் காத்திருந்தேன், பிற்பாடும் சொல்லவில்லை.

எல்லோரும் என்னைச் சுற்றி வந்தார்கள்.

“இன்னா சொன்னாரு?” என்றார் பொன்னுசாமி.

“உங்க முறைப்படியே ஆணி அடிக்கச் சொல்றாரு. திங்கக்கெழம மேஸ்திரியா வேலைக்கு வரச் சொல்றாரு. வீடு உங்களுதுதான்.”

குப்பம்மாள் மடியில் மிச்சமிருந்த வெற்றிலைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். கேங்கிலிருந்த பெண் ஒருத்தி அவள் தோளைப் பிடித்து அசைத்தாள்.

பொன்னுசாமி நகரவில்லை. “தப்பு எங்க மேல இல்லன்னு சொன்னாரா?”

அங்கே இருந்தவர்களில் ஆங்கிலம் அறிந்தவன் நான் ஒருவன்தான். துரை வருந்தினார் என்று சொல்லியிருக்கலாம். கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்தவர் வருந்தாமலா இருந்திருப்பார் என்று எனக்கு நானே வாதாடவும் முடிந்தது. ‘உன்னைப்போல் ஒரு மேஸ்திரி எனக்குக் கிடைத்தது என் பாக்கியம் என்றார்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால், அந்த மனிதர் அதைச் சாகும்வரை வைத்திருப்பார். கேங்கும் வைத்திருக்கும். எவருக்கும் அதனால் நட்டமில்லை. துரைக்கும் நல்ல பெயர். மன்றத்தில் இதைவிடக் குறைந்த காரணத்துக்காக இதைவிட அதிகம் பேசியிருக்கிறேன்.

“சொல்லல மேஸ்திரி,” என்றேன்.

“திருட்டுன்னு சொன்னாரே. அதப் பத்தி?”

“அதப் பத்தியும் ஒண்ணும் சொல்லல.”

பொன்னுசாமி தலையை ஆட்டினார். துரை போன திசையில் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கேங்கைப் பார்த்து, “சம்மட்டிய எடுங்க,” என்றார்; சனிக்கிழமை மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது.

குப்பம்மாள் மட்டும் அங்கேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல.

“அவ்ளோதான்கா,” என்றேன். “அவர் சொன்னது அவ்ளோதான்.”